கண்ணுக்குள் மின்னல்: உடனே வர வேண்டியது எப்போது?

கண்ணில் ஒளி தெறிப்பதாகக் கூறிக்கொண்டு எங்கள் விழித்திரைப் பிரிவுக்கு வருவோர் அதனைத் தத்தம் தொழிலுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப விவரிக்கின்றனர். தொலைவில் எங்கோ வெல்டிங் நடப்பதுபோல் இருக்கிறது என்பார் ஒருவர். பழுதான டியூப்லைட் விட்டுவிட்டு எரிவதுபோல் என்பார் மற்றொருவர். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கும்போது கண்ணின் ஓரத்தில் பிறைநிலாவைப் போல ஒரு கோடு தோன்றி மறைகிறது என்று, பாடநூலில் உள்ளதைவிடத் துல்லியமாகச் சொல்லும் மூதாட்டியரும் உண்டு.

எப்போது தொடங்கியது என்று அடுத்ததாகக் கேட்போம். "பத்துப் பதினைந்து நாள் இருக்கும் டாக்டர்" என்பதே பெரும்பாலும் விடை. வலி இல்லை, பார்வை தெளிவாகவே இருக்கிறது, பகலில் தெரிவதும் இல்லை. ஆகவே பித்தம் என்றோ, தூக்கக் குறைவு என்றோ, கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றோ, கைப்பேசியை அதிகம் பார்த்ததன் விளைவு என்றோ எண்ணி இருந்துவிடுகின்றனர். வீட்டில் திருமணம், பேரனுக்குத் தேர்வு என்று தள்ளிப்போடுவோரும் உளர். இந்தப் பத்துப் பதினைந்து நாள்களைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறோம். இவ்வாறு மின்னல் காண்போரில் பெரும்பாலானோருக்குப் பரிசோதனையில் பெருந்தீங்கு எதுவும் காணப்படுவதில்லை. ஆனால் தீங்கற்ற மின்னலும் பார்வையைப் பறிக்கக்கூடிய மின்னலும் காண்பவருக்கு ஒரே மாதிரியாகவே தோன்றும். மின்னலின் நிறத்தையோ அளவையோ வைத்து நோயாளியாலும் வேறுபாடு அறிய இயலாது. தொலைபேசியில் கேட்கும் எங்களாலும் இயலாது. கண்மணியை விரித்து, விழித்திரையின் விளிம்புவரை நேரில் பார்த்தால் மட்டுமே தெரியும். எனவே கண்ணில் புதிதாக மின்னல் தோன்றினால், இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வெளியில் ஒளி இல்லாதபோது ஒளி தெரிவது எப்படி?

கண்ணின் உட்புறச் சுவரில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில், ஈரத் தாள்போல் படிந்திருக்கும் நரம்புப் படலமே விழித்திரை. அதற்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஒளி பட்டாலும், யாரேனும் அழுத்தினாலும், இழுத்தாலும், அது மூளைக்கு அனுப்பும் செய்தி ஒன்றே: "ஒளி." கன்னத்தில் அறை வாங்கியவரைக் கண்ணில் பொறி பறந்தது என்கிறோமே, அது வெறும் உவமை அன்று. அடியின் அதிர்வில் விழித்திரை அசைந்து, உண்மையிலேயே பொறி தெரிகிறது.

ஐசக் நியூட்டன் இளைஞராக இருந்தபோது, 1660-களில், ஒரு மழுங்கிய ஊசியைக் கண்ணுக்கும் எலும்புக்கும் இடையே நுழைத்து, கண்ணின் பின்புறத்தை அழுத்திப் பார்த்தார். வெளிச்சமின்றியே வட்ட வட்டமாக வண்ணங்கள் தெரிந்ததைப் படம் வரைந்து குறித்து வைத்தார். எவரும் செய்து பார்க்கக் கூடாத சோதனை இது. எனினும் இன்று எங்களிடம் வரும் நோயாளியின் கண்ணில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. நியூட்டன் வெளியிலிருந்து அழுத்தினார். நோயாளிக்கோ உள்ளிருந்து ஒன்று இழுக்கிறது.

அவ்வாறு இழுப்பது விட்ரியஸ் எனப்படும் கூழ். கண்ணின் உட்குழியை நிறைத்திருக்கும் இதன் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். அதில் 98 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புரத இழைகள் அந்நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது கூழாக நிற்கிறது. இளம் வயதில் அது இளநுங்குபோல் சீராக, விழித்திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற அக்கூழ் இடையிடையே நீர்த்துப் போகிறது; இழைகள் ஒன்றோடொன்று திரண்டு கொள்கின்றன. ஒருநாள் கூழின் பின்பகுதி விழித்திரையை விட்டுப் பிரிந்து முன்னே சரிகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் நிகழும் இது, நரை விழுவதைப் போன்ற முதுமை மாற்றமே. தனியே இது நோய் ஆகாது.

பிரியும்போது எங்கெங்கு ஒட்டுதல் வலுவாக உள்ளதோ, அங்கெல்லாம் கூழ் விழித்திரையை இழுக்கிறது. கண்ணைச் சட்டெனத் திருப்புகையில் உள்ளிருக்கும் கூழ் சற்றுப் பின்தங்கி ஆடுவதால் அவ்விழுப்பு மிகுகிறது. அதனால்தான் மின்னல் பெரும்பாலும் கண்ணைத் திருப்பும்போது, பார்வையின் வெளியோரத்தில், நிலைகுத்தான கீற்றாகவோ பிறைவடிவாகவோ, நொடிக்கும் குறைவான நேரம் தோன்றுகிறது. பகலிலும் இழுப்பு உண்டு. வெளியுலக ஒளியின் மிகுதியில் அது தெரிவதில்லை. இருளில் மட்டும் தெரிவதால், இருட்டில் ஏதோ மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

லண்டன் கண் மருத்துவர் ஃபாஸ்டர் மூர் 1935-இல் இதனை 'மின்னல் கீற்றுகள்' என்று பெயரிட்டு விவரித்தார். இதனால் தீங்கில்லை என்றும் கருதினார். தாம் கண்ட நோயாளிகளில் பெரும்பாலோரைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. எஞ்சிய சிலரே எங்கள் கவலைக்குரியோர்.

சுவரொட்டியும் சுண்ணாம்பும்

பழைய சுவரில் ஒட்டிய சுவரொட்டியை உரிப்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் தாள் மட்டும் வந்துவிடும். ஓரிடத்தில் பசை இறுகப் பிடித்திருந்தாலோ, அவ்விடத்துச் சுவர் முன்பே பொரிந்திருந்தாலோ, தாளோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். விட்ரியஸ் பிரியும்போது, இவ்வாறு விழித்திரையின் ஒரு துண்டும் சேர்ந்து கிழியலாம். புதிதாக மின்னலோ மிதக்கும் புள்ளிகளோ தோன்றி வருவோரில், விட்ரியஸ் பிரிந்திருப்பவர்களை ஆராய்ந்த பல ஆய்வுகளில், 100 பேருக்கு 10 முதல் 15 பேர் வரை விழித்திரையில் கிழிசலுடன் காணப்பட்டனர். மற்ற 85 பேரும் அதே மின்னலைத்தான் கண்டனர் என்பதை நினைவில் கொள்க.

கிழிசல் பெரும்பாலும் குதிரை லாடத்தின் வடிவில், விழித்திரையின் விளிம்பை ஒட்டியே ஏற்படும். நாம் படிக்கவும் முகம் அறியவும் பயன்படுத்தும் மையப் பகுதி அப்போது முழு நலத்துடன் இருக்கும். ஆகவே எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிட்டு, "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று நோயாளி கேட்பது இயல்பு. கிழியும் இடத்தில் சிறு இரத்தக்குழாய் அறுந்தால், கடுகு தாளிக்கும்போது தெறிப்பதுபோலப் பல கரும்புள்ளிகள் ஒரே நேரத்தில் கண்முன் சிதறும். சிலருக்குப் புகை சூழ்ந்தது போலிருக்கும். மின்னலோடு இத்தகைய புள்ளிகள் திடீரெனத் தோன்றினால் கிழிசல் இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. பல ஆண்டுகளாக ஒன்றிரண்டு 'பூச்சிகள்' மிதந்துகொண்டிருப்பது வேறு; நேற்று மாலை முதல் ஒரு கூட்டமே பறக்கிறது என்பது வேறு.

கிழிசலோடு நின்றுவிட்டால் எளிது. நிற்காமல், நீர்த்துப்போன விட்ரியஸ் அக்கிழிசலின் வழியே விழித்திரைக்குப் பின்னே கசிந்து புகுந்தால், விழித்திரை சுவரிலிருந்து பெயரத் தொடங்கும். மழைநீர் புகுந்த சுவரின் பூச்சு உப்பிக்கொள்வது போன்றது இது. பெயர்ந்த பகுதி செயலிழப்பதால், பார்வையின் ஓர் ஓரத்தில் நிழல் ஒன்று திரைபோல் விழுந்து, பின்னர் நகர்ந்து பரவும். கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுவதால், விழித்திரை மேற்பகுதியில் பெயர்ந்தால் நிழல் கீழிருந்து எழும். மேற்பகுதிக் கிழிசல் விரைந்து பரவும் தன்மையது. நீர் தன் எடையால் கீழ்நோக்கி இறங்குவதே காரணம். சிலருக்கு இது வாரக்கணக்கில் நடக்கும். சிலருக்கு ஓரிரு நாள்களிலேயே மையப் பகுதியை எட்டிவிடும்.

மையம் பெயர்வதற்கு முன் வந்தால், அறுவைக்குப் பின் பழைய பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. மையமும் பெயர்ந்தபின் வந்தால், விழித்திரையை மீண்டும் ஒட்டவைக்க இயலும்; எனினும் நேர்க்கோடு வளைந்து தெரிவது, எழுத்து மங்கலாகவே நிற்பது போன்ற குறைகள் தங்கிவிடக்கூடும். அந்நிலையிலும் சில நாள்களுக்குள் செய்வதற்கும் பல வாரங்கள் கழித்துச் செய்வதற்கும் வேறுபாடு உண்டு.

இந்நோய்க்கு மருத்துவம் கிடைத்தது அண்மைக்காலத்தில்தான். 1920-கள்வரை, விழித்திரை பெயர்ந்தவருக்கு நீண்ட நாள் படுக்கை ஓய்வைத் தவிரச் சொல்வதற்கு ஏதும் இருக்கவில்லை. ஏறத்தாழ அனைவரும் அக்கண்ணை இழந்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல் கோனான் என்பவரே, பெயர்வதற்குக் காரணம் கிழிசல், கிழிசலைத் தேடிக் கண்டு மூடினால் விழித்திரை மீண்டும் படியும் என்று நிறுவினார். சூடேற்றிய கருவியால் கிழிசலின் இடத்தைச் சுட்டு மூடுவது அவருடைய முறை. கருவிகள் பின்னர் எவ்வளவோ மாறிவிட்டன. கிழிசலைக் கண்டுபிடித்து மூடுவது என்ற அடிப்படை மாறவில்லை.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

கிட்டப்பார்வை மிகுந்தோர், குறிப்பாக மைனஸ் 6 அல்லது அதற்கு மேல் பவர் உள்ளோர், முதலில் வருகின்றனர். அவர்களின் கண் நீளமானது. விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். விட்ரியஸும் இளமையிலேயே நீர்த்துப் போகும். இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். லேசர் அறுவையால் கண்ணாடியைக் கழற்றியவர்கள் தமக்குக் கிட்டப்பார்வை நீங்கிவிட்டது என்றே எண்ணுகின்றனர். மருத்துவரிடம் அதைச் சொல்வதும் இல்லை. அந்த அறுவை கண்ணின் முன்புறக் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. கண்ணின் நீளமும் மெலிந்த விழித்திரையும் முன்பு இருந்தபடியே இருக்கும். எனவே மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் கண்ணாடியைக் கழற்றிய பெண்ணுக்கு 45 வயதில் மின்னல் தெரிந்தால், பழைய பவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்புரை அறுவை செய்துகொண்டோர், ஒரு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை பெயர்ந்தோர், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அவ்வாறு நேர்ந்தோர் ஆகியோருக்கும் வாய்ப்பு மிகுதி. நீரிழிவு நோயாளிகளுக்குக் கண்ணுள் புதிதாக முளைக்கும் நலிந்த இரத்தக்குழாய்கள் கசிவதாலும் கரும்புள்ளிகள் தோன்றலாம். அதுவும் அதே நாளில் பார்க்க வேண்டியதே.

கண்ணில் அடிபட்ட சிறுவர்களைப் பற்றிப் பெற்றோருக்குத் தனியே ஒரு சொல். கிரிக்கெட் பந்தோ ஷட்டில் இறகுப்பந்தோ பட்டு, வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இளம் கண்ணின் கூழ் கெட்டியாக இருப்பதால், கிழிசல் ஏற்பட்டாலும் விழித்திரை உடனே பெயர்வதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்தும் பெயரலாம். சிறுவர்கள் ஒரு கண்ணில் குறை இருப்பதை மற்றொரு கண்ணால் ஈடுசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமலே பள்ளிக்குச் சென்று வருவர். ஆகையால் அடிபட்ட கண்ணுக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது.

எல்லா மின்னலும் கண்ணிலிருந்து வருவதில்லை

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் உடையோருக்குத் தலைவலி தொடங்குமுன் தோன்றும் ஒளி வேறு வகையானது. நடுவே சிறு மின்னும் புள்ளியாகத் தொடங்கி, கோட்டைமதில் போன்ற நெளிகோடாக விரிந்து, மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் மறையும். அதன் உட்புறத்தில் சிறிது நேரம் பார்வை மங்கும். தமக்கு நேர்ந்த இக்காட்சியை ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1870-இல் வரைந்து வெளியிட்ட படங்களை, இன்றைய நோயாளிகளிடம் காட்டினாலும் "இதுவேதான்" என்பர். இது விழித்திரையில் தோன்றுவதன்று. மூளையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணியின்மேல் அலைபோல் பரவும் ஒரு மின்மாற்றம். தலைவலி வராமல் ஒளி மட்டும் வந்து போவதும் உண்டு.

இரண்டையும் வேறுபடுத்த வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒளி தெரியும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பின்னர் மற்றதை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவது. ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் அக்கண்ணிலிருந்து வருவது. மைக்ரேன் ஒளி இரு கண்களின் பார்வையிலும் வலப்பாதியிலோ இடப்பாதியிலோ தோன்றுவதால், பலர் அதனை "வலது கண்ணில் தெரிகிறது" என்றே கூறுகின்றனர். மூடிப் பார்த்தால் உண்மை விளங்கும். நொடியில் மறையும் மின்னலுக்கு இச்சோதனை செய்ய நேரம் கிடைக்காது. அவ்வாறு நொடியில் மறைவதே கண்ணைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

50 வயதுக்குப் பின் முதல்முறையாக மைக்ரேன் போன்ற ஒளி தோன்றினால், அதனை மைக்ரேன் என்று தாமே முடிவு செய்யாமல் நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும். ஒளியோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது கண் மருத்துவமனைக்கு வரும் நேரமன்று. பக்கவாதத்துக்கு அவசரச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு நேரே செல்க.

கருவுற்ற பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. 20 வாரத்துக்குப் பின், ஒளிப்பொறிகளோடு கடுந்தலைவலி, மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவை தோன்றினால் அது இரத்த அழுத்தம் ஆபத்தாக உயர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். வலிப்பில் கொண்டுவிடவும் கூடும். அப்பெண்ணை இரவானாலும் உடனே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். "மசக்கை, சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாத நேரம் அது.

உட்கார்ந்தவர் சட்டென எழும்போது சில நொடிகள் பொறி பறப்பது இரத்த அழுத்தம் தாழ்வதால். இருதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் ஐவாபிரடின் என்ற மாத்திரையால், வெளிச்சம் திடீரென மாறும் இடங்களில் ஒளிவட்டங்கள் தோன்றலாம். விழித்திரையிலும் அம்மருந்து செயல்படுவதே காரணம். அதைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். இருதய மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். கண்புரை அறுவைக்குப் பின் தெருவிளக்கையோ எதிர்வரும் வண்டியின் விளக்கையோ பார்க்கையில் ஓரத்தில் கீற்று விழுவது, உள்ளே பொருத்திய லென்சின் விளிம்பில் ஒளி தெறிப்பதால். விளக்கு இருந்தால் தெரியும்; இல்லையேல் மறையும். விழித்திரை இழுபடும் மின்னலோ நேர்மாறாக முழு இருளில்தான் நன்கு தெரியும்.

வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியின் தேதியை உற்றுப் பாருங்கள். பார்வையை அசைக்காமல், நாட்காட்டியைச் சுற்றி மேலும் கீழும் இருபுறமும் சுவர் தெரிகிறதா, எங்கேனும் நிழல் மறைக்கிறதா என்று கவனியுங்கள். பின்னர் மற்றக் கண். முதியோருக்கு இதை உடன் இருப்பவர் நின்று செய்விப்பது நல்லது. இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும்; பாதிப் பார்வை போனபின், தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கியபோதுதான் அறிந்தோம் என்று வருவோர் பலர். நிழல் இருந்தால் அடுத்த நாளுக்கு விட வேண்டாம். அன்றே வர வேண்டும். நிழல் இல்லை என்பதால் கிழிசல் இல்லை என்று பொருளாகாது. அப்போதும் 24 மணி நேரக் கணக்கு மாறாது.

முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போது "கண் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால், உங்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் கிடைக்கலாம். "நேற்றிலிருந்து வலது கண்ணில் புதிதாக மின்னல் தெரிகிறது, கரும்புள்ளிகளும் பறக்கின்றன" என்று சொல்லுங்கள். பவர் பார்க்கும் கண்ணாடிக் கடையில் காட்டிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். அங்கு விழித்திரையின் விளிம்பைப் பார்ப்பதில்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவதால் கிழிசல் மூடாது. ஆஸ்பிரின் முதலான இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. சீட்டை மட்டும் உடன் கொண்டு வாருங்கள்.

இரு சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு தனியே வருவோரே எங்களுக்குத் தலைவேதனை. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் காத்திருக்கச் செய்வோம். அதன்பின் நான்கைந்து மணி நேரத்துக்கு வெயில் கூசும், அருகில் உள்ளவை மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். பரிசோதிக்கும் மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்சைப் பிடித்து, இமையின்மேல் ஒரு சிறு கருவியால் மெல்ல அழுத்தி விளிம்பைப் பார்ப்பார். சற்று அசௌகரியமாக இருக்கும்; தாங்க இயலாதது அன்று. கண்ணுள் இரத்தம் கசிந்து உட்புறம் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

பரிசோதனைக்குப் பின்

கிழிசல் இல்லையெனில் மருந்து எதுவும் தேவையில்லை. மின்னல் சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். மிதக்கும் புள்ளிகள் சில மாதங்கள் தொல்லை தரும். பின்னர் மூளை அவற்றைப் பொருட்படுத்தாமல் பழகிக்கொள்ளும். எனினும் விட்ரியஸ் முழுதும் பிரிந்து முடிய நாளாவதால், முதல் பரிசோதனையில் நலமாக இருந்தவரில் சிலருக்கு அடுத்த சில வாரங்களில் கிழிசல் ஏற்படக்கூடும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்கிறோம். இந்த மறுபரிசோதனைக்கு வராமல் விடுவோர் பலர். "அன்றே நலம் என்றீர்களே" என்பது அவர்கள் கூறும் காரணம். அதற்கு முன்பே புள்ளிகள் பெருகினாலோ நிழல் விழுந்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் வர வேண்டும்.

கிழிசல் இருந்து விழித்திரை இன்னும் பெயராவிடில், அன்றே லேசர் செய்யலாம். உணர்வு மரக்கும் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, கிழிசலைச் சுற்றி வேலி நடுவதுபோல் சில வரிசைகளாக லேசர் புள்ளிகள் இடுவோம். பெரும்பாலும் கால்மணி நேரத்தில் முடிந்து வீடு திரும்பலாம். அப்புள்ளிகள் தழும்பாகி விழித்திரையை இறுகப் பிடித்துக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை பளு தூக்குதல், ஓட்டம், குலுங்கும் சாலைப் பயணம் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி அறிவுறுத்துகிறோம். லேசருக்குப் பின்னும் மின்னல் சில நாள்கள் தெரியலாம். லேசர் கிழிசலின் சுற்றுப்புறத்தை ஒட்டுகிறதேயன்றிக் கூழின் இழுப்பை நீக்குவதில்லை. எனவே சிகிச்சை தோற்றுவிட்டதோ என அஞ்ச வேண்டாம்.

விழித்திரை பெயர்ந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. சிலருக்குக் கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டை வைத்து உள்நோக்கி அழுத்துவோம். சிலருக்கு விட்ரியஸ் கூழையே நீக்கிவிட்டு, விழித்திரையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவோம். எண்ணெயைச் சில மாதங்கள் கழித்து மற்றோர் அறுவையால் எடுக்க வேண்டும். வாயு தானே கரையும். வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். வாயு மேல்நோக்கி எழும் இயல்புடையது. ஆகவே கிழிசலின் இடத்துக்கேற்பக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கச் சொல்வோம். நாள் முழுதும் குப்புறக் கிடப்பது எளிதன்று. கழுத்தும் முதுகும் வலிக்கும். உண்பதும் பேசுவதும் சிரமம். இந்நாள்களில் உடன் இருப்பவரின் பொறுமையே நோயாளிக்குப் பாதி மருந்து. நெற்றியைத் தாங்கத் தலையணையை மடித்து வைப்பது, உறிஞ்சுகுழலால் கஞ்சி பருகச் செய்வது, இரவில் மல்லாந்துவிட்டாரா என்று எழுந்து பார்ப்பது ஆகியவை அவர் பொறுப்பு.

கண்ணுள் வாயு உள்ளவரை விமானப் பயணம் கூடாது. மலைப்பயணமும் அவ்வாறே என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் கூடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கண்ணுள் இருக்கும் வாயு விரிந்து, கண்ணழுத்தம் எகிறி, கடும் வலியோடு பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டமே தடைப்படலாம். உதகை, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை போன்ற ஊர்களிலிருந்து வருவோர் அறுவைக்கு முன்பே தம் ஊரைச் சொல்லிவிட வேண்டும். வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் நிரப்புவதா, வாயு கரையும்வரை சமவெளியில் உறவினர் வீட்டில் தங்க இயலுமா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். இதே நாள்களில் பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ மயக்க மருந்து பெற நேர்ந்தால், கண்ணுள் வாயு இருப்பதை அங்குள்ள மருத்துவரிடம் முதலில் தெரிவிக்க வேண்டும். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு அவ்வாயுவோடு சேர்ந்து அதனை விரிவடையச் செய்யும். இதற்காக நோயாளியின் மணிக்கட்டில் நாங்கள் கட்டிவிடும் பட்டையை, வாயு முற்றிலும் கரைந்தது என்று நாங்கள் சொல்லும்வரை, குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.